ஐந்தாம் வகுப்பிற்குப் பின் வரும் கோடை: நம் எல்லைப் பகுதியில் பள்ளிக்கல்வி வளர்ந்த வரலாறு

 

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், அஸர் தொழுகைக்குப் பின் யாரேனும் ஒரு தகப்பனார் என்னருகே வந்து அமர்ந்து, "ஹஜ்ரத், பையன் அஞ்சாவது முடிச்சிட்டான். அடுத்து எங்கே சேர்க்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. உருதுவா, தமிழா, ஆங்கிலமா? பாகலூரிலேயே சேர்ப்பதா, ஓசூருக்கு அனுப்புவதா, எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் உறவினர் வீட்டில் விடுவதா? அல்லது படித்தது போதும் என்று கடையில் நிறுத்துவதா? கேள்வி ஒன்றாகத் தோன்றினும் அதனுள் பல கேள்விகள் அடங்கியுள்ளன.

இக்கேள்வி ஏன் ஐந்தாம் வகுப்பு முடிந்தவுடன் எழுகிறது? நான்காம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஏன் எழுவதில்லை? இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. நம் நாட்டின் தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும் ஒரே காலத்தில், ஒரே கையால் கட்டப்பட்டவை அல்ல. இரண்டும் சேரும் மூட்டு ஐந்தாம் வகுப்பிற்கும் ஆறாம் வகுப்பிற்கும் இடையில் அமைந்துவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் இடறி விழுவதும் அந்த இடத்தில்தான். இதை நம் ஜமாஅத்தார் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றோ எடுத்த கணக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகியவை அடங்கிய பாராமகால் பகுதி 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஓசூர்ப் பகுதி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அவர்கள் வசமானது. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடு என்பவரின் கீழ் 1792 முதல் 1799 வரை வருவாய்த்துறைப் பணியாற்றிய இளம் அதிகாரி தாமஸ் மன்றோ ஆவார். அவரே பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார்.

ஆளுநராக இருந்தபோது 1822இல், மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எவ்வளவு பேர் படிக்கின்றனர் என்று கணக்கெடுக்குமாறு எல்லாக் கலெக்டர்களுக்கும் அவர் உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அப்பள்ளிகளை அரசாங்கம் நடத்தவில்லை. ஊரார் கொடுத்த நெல்லிலும் காசிலும் வாழ்ந்த ஆசிரியர்கள் திண்ணைகளிலும் கோயில், பள்ளிவாசல் முற்றங்களிலும் நடத்தியவை அவை.

அக்கணக்கில் நம் கண்ணில் பட வேண்டிய ஒரு வரி உண்டு. ஓசூரும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் பள்ளிக்குச் சென்ற முஸ்லிம் சிறுவர்கள் 432 பேர். முஸ்லிம் சிறுமியர் 27 பேர். தொகை சிறியதுதான். எனினும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அரசாங்கப் பள்ளி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இம்மாவட்டத்து முஸ்லிம் பெற்றோர் தம் பெண்மக்கள் 27 பேரை ஓத அனுப்பியிருக்கின்றனர். 'பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பது நம் பழக்கத்தில் இல்லை' என்று சொல்வோர் இவ்வெண்ணை நினைவிற் கொள்வார்களாக!

மன்றோ ஒவ்வொரு கலெக்டர் மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு தலைமைப் பள்ளிகளையும், தாசில்தார் வட்டங்களில் சிறிய பள்ளிகளையும் அரசாங்கச் செலவில் திறக்கத் திட்டமிட்டார். தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் வட்டப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் சம்பளம் என்று முடிவாயிற்று. ஆனால் 1827இல் மன்றோ காலரா நோயால் மரணமடைந்தார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இரு கைகள் கட்டிய படிக்கட்டு

இன்று நாம் காணும் பள்ளி அமைப்பின் அடித்தளம் 1854இல் இங்கிலாந்திலிருந்து வந்த 'வுட் அறிக்கை' எனப்படும் கடிதமாகும். அதன் பின்னரே மாகாணத்தில் கல்வித்துறை என்ற தனித்துறை ஏற்பட்டது. தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி அளிக்கும் முறையும் அதனாலேயே வந்தது. கீழ்நிலையில் தாய்மொழியும் மேல்நிலையில் ஆங்கிலமும் பயிற்று மொழியாக இருக்கலாம் என்று அக்கடிதம் வகுத்தது. முதல் பிரிவுக்கோடு இங்கே கிழிக்கப்பட்டது.

1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு அக்கோட்டை மேலும் ஆழப்படுத்தியது. தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம். உயர்நிலைக் கல்வியைப் படிப்படியாகத் தனியார் முயற்சிக்கு விடலாம் என்பது அதன் கருத்து. ஆகவே கிராமத்துத் தொடக்கப் பள்ளி தாலுகா போர்டு, ஜில்லா போர்டு ஆகியவற்றின் பொறுப்பாயிற்று. உயர்நிலைப் பள்ளியோ பெரும்பாலும் நகரங்களில், அரசு, மிஷனரிமார், தனியார் சங்கங்கள் ஆகியோரால் நடத்தப்பட்டது.

முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருப்பதை ஆராய்ந்த அதே குழு, உள்ளூர் முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினாலன்றி, அவர்களுக்குத் தொடக்க, நடுநிலைக் கல்வி இந்துஸ்தானி மொழியில், அதாவது உருதுவில், கற்பிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களில் உருதுத் தொடக்கப் பள்ளிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அது நல்லெண்ணத்தால் விளைந்த ஏற்பாடே. ஆயினும் ஐந்தாம் வகுப்பு வரை உருதுவில் படித்த பிள்ளை, அதற்கு மேல் எந்த மொழியில் எங்கே படிப்பது என்பதற்கு ஊர்தோறும் விடை கிடைக்கவில்லை. வாணியம்பாடி முஸ்லிம்கள் தம் செல்வத்தைத் திரட்டிப் பள்ளிகளையும், 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியையும் நிறுவி அவ்விடைவெளியை அடைத்தனர். அத்தகைய பொருள்வளம் எல்லா ஊர்களுக்கும் வாய்க்கவில்லை.

நம் முதியோர் 'முதல் பாரம்', 'மூன்றாம் பாரம்' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இன்றைய ஆறாம் வகுப்பே அன்றைய முதல் பாரம். ஐந்தாம் வகுப்பிற்குப் பின் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது! ஆங்கிலக் கல்வி முறையாகத் தொடங்கியதும் அங்கேதான். ஆறாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு முடித்தவர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவர். சென்னை மாகாணத்தில் அத்தேர்வு முறை 1911இல் வந்தது. மற்றொரு பக்கம், உயர்தரத் தொடக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து ஈ.எஸ்.எல்.சி. எழுதுவோர் இருந்தனர். ஏழைப் பிள்ளைக்கு ஒரு வழி, வசதியுள்ளவர் பிள்ளைக்கு மற்றொரு வழி என இரண்டு படிக்கட்டுகள் அருகருகே நின்றன.

தொரப்பள்ளியிலிருந்து சென்றவர்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராஜாஜி. ஓசூரில் பள்ளிக்கல்வி கற்று, எல்லை கடந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவரும் நம்மைப் போல் எல்லைப் பகுதியின் பிள்ளையே. சென்னை மாகாணத்தின் பள்ளிகளை இருமுறை உலுக்கியவரும் அவர்தான்.

முதல்வராக 1938இல் அவர் 125 உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மூன்று பாரங்களுக்கு இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கினார். பெரும் போராட்டம் எழுந்தது. 1940இல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. மீண்டும் 1953இல், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரத்தில் தந்தையின் தொழிலைக் கற்றல் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரு வேளையாகப் பிரித்து அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். 'குலக்கல்வி' என்று அதை எதிர்த்தவர்கள், நெசவாளி மகன் நெசவாளியாகவே நிற்பான் என்றனர். 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

காமராஜர் காலத்தில் ஊர்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் கிராமப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கீழ் வந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். அத்திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பணியில் தமிழ்நாடு பெருமளவு வெற்றி கண்டது. ஆறாம் வகுப்பின் வாசலில் மொழி என்னும் இடறல் மட்டும், நம் பகுதியைப் பொறுத்தவரை, அப்படியே நின்றது.

எல்லைக்கோடும் மொழியும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்தில் நிலைத்தது. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது ஆகிய நான்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர்கள் நம்முடையவை. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்றது. அதில் 'தொடக்க நிலையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு மேலான வகுப்புகளைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. 1854இல் கிழித்த கோடு 1956இலும் தொடர்ந்தது.

1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. அதன்பின் பல்லாண்டுகள், சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் படித்தே பத்தாம் வகுப்பை முடிக்க இயன்றது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமலே பள்ளி முடித்தோர் நம் பகுதியில் பலருண்டு.

அடியேனும் அந்த நிலையைக் கடந்தவனே. ஐந்தாம் வகுப்பு வரை உருதுவில் படித்தேன். ஆறாம் வகுப்பில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டேன். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியவை எனக்குக் கோலம் போலத் தெரிந்தன. கடைசி பெஞ்சில் ஓராண்டு வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். மறு ஆண்டு நானே மதரஸாவுக்குப் போகிறேன் என்றேன். மார்க்கக் கல்வியின் மீதுள்ள விருப்பம் என்று வீட்டார் மகிழ்ந்தனர். உண்மையில் அன்று அந்த வகுப்பறையிலிருந்து தப்பித்தால் போதும் என்பதே என் நிலை. அல்லாஹ் அதையே நன்மையாக ஆக்கினான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என்னோடு அதே பெஞ்சில் அமர்ந்திருந்த மற்ற இருவரும் மதரஸாவுக்கும் வரவில்லை, படிப்பையும் தொடரவில்லை.

தமிழ்நாடு அரசு 2006இல் தமிழ் கற்கும் சட்டத்தை இயற்றியது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தமிழ் கட்டாயமாகி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக உயர்ந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. போதிய தமிழாசிரியர்கள் நியமிக்கப்படவில்லை என்று மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 2016 தேர்வில் உயர்நீதிமன்றம் விலக்களித்தது. 2023 தேர்வுக்கு உச்சநீதிமன்றமும் ஓராண்டு விலக்கு வழங்கியது. விலக்குகள் தற்காலிகமானவை, சட்டமோ நிலையானது. கர்நாடகமும் 2015இல் கன்னடம் கற்கும் சட்டத்தை இயற்றியுள்ளது. எல்லையின் எப்பக்கம் சென்றாலும் அம்மாநில மொழியைக் கற்றே ஆக வேண்டும் என்பதை நாம் உணர வேண்டும்.

இன்றைய அமைப்பு

1978இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி.யும், அதன்மேல் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வியும் வந்தன. அன்றுமுதல் 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளி, 8 வரை உள்ளது நடுநிலைப் பள்ளி, 10 வரை உள்ளது உயர்நிலைப் பள்ளி, 12 வரை உள்ளது மேல்நிலைப் பள்ளி என்ற வரிசை நிலைபெற்றது. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை வட்டாரக் கல்வி அலுவலரும், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலரும், மாவட்டம் முழுமைக்கும் முதன்மைக் கல்வி அலுவலரும் கவனிக்கின்றனர். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் இவ்வலுவலகங்கள் நமக்கு அருகில் வந்தன.

முன்னர் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 ஆகஸ்டில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் அவற்றைச் சமச்சீர்க் கல்வியாக ஒன்றாக்கின. கட்டணம் செலுத்திப் படிக்கும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பில் ஒரே கேள்வித்தாளே வருகிறது.

2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரை கல்வி இலவசம்; சேர்க்கையை மறுக்க இயலாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதும் இல்லை. இது நன்மையே. எனினும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அக்காலத்தில் தமிழ் தெரியாத பிள்ளை ஆறாம் வகுப்பிலேயே தவறுவான், வீட்டாருக்குத் தெரிந்துவிடும். இன்றோ அவன் ஓசையின்றி மேலே ஏறி, ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பின் பொதுத்தேர்விலோ திடீரென விழுகிறான். விழுந்தது பத்தாம் வகுப்பில் என்று நாம் நினைக்கிறோம். கால் இடறியது ஆறாம் வகுப்பில்தான்.

ஆறாம் வகுப்பின் கணக்கு

அண்மைக் காலச் சலுகைகள் பலவும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021இல் அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இதைப் பெற, பொதுவாக 6 முதல் 12 வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுவதும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கெனத் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் இவ்வகையிலேயே அமைந்தவை.

ஆகவே, 'ஆறு, ஏழு மட்டும் எல்லைக்கு அப்பால் மாமா வீட்டில் இருக்கட்டும்' என்று அனுப்பும் பெற்றோர், அறியாமலேயே பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பிந்தைய உரிமையை இழக்கச் செய்கின்றனர். பாடமுறையும் வேறு. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. மூன்று மொழிகளோடு 625 மதிப்பெண்ணுக்கு நடைபெறுவது. நம்முடையது ஐந்து பாடங்களோடு 500 மதிப்பெண்ணுக்கு நடைபெறுவது. அங்கு ஈராண்டு கன்னடம் படித்துத் திரும்பும் பிள்ளை, இங்கு இரண்டாம் முறையாகக் கடைசி பெஞ்சில் அமர வேண்டியதாகிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியிலேயே நம் மஹல்லாவில் ஐந்தாம் வகுப்பு பயிலும் பிள்ளைகளின் பட்டியலை ஜமாஅத் தயாரிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அதே பட்டியலைக் கையில் கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டதா என்று வீடு வீடாக விசாரிக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு இளைஞர்கள் போதும்.

இரண்டாவது, உருதுவழியில் படித்த பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே இரு மாதங்களிலும் மக்தப் நேரத்திற்குப் பின் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க வேண்டும். தாய்மொழியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உருதுவை வீட்டிலும் மக்தபிலும் காப்போம். பத்தாம் வகுப்பில் விருப்பப் பாடமாகவும் எழுதலாம். ஆனால் தமிழ் என்னும் திறவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் பூட்டிய கதவின் முன் நிறுத்துவது நியாயமாகாது.

மூன்றாவது, மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே சரிபார்க்க வேண்டும். 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு சான்றிதழ் இல்லாதவருக்குப் பயன்படாது.

நான்காவது, ஹிஃப்ழு, ஆலிம் வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளைகளையும் கைவிடலாகாது. 12½ வயது நிறைந்தவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்றபின் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம். அடியேன் அவ்வழியில் எழுதித் தேறியவன். தாடி முளைத்தபின் சிறுவர்களோடு தேர்வறையில் அமர்வதற்குக் கூச்சமாக இருந்தது உண்மை. இன்று உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பித் தர என்னால் முடிவது அதனால்தான்.

பெரியோர்களே! ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே உள்ள இடைவெளியை நாம் உண்டாக்கவில்லை. அது நமக்கு முன்னிருந்தவர்கள், அவரவர் காலத்துத் தேவைக்கேற்பக் கட்டியதில் நேர்ந்தது. எனினும் நம் பிள்ளை அதில் விழாமல் கைபிடித்துக் கடத்திவிடும் பொறுப்பு நம்முடையது. அன்று 27 சிறுமியரை ஓத அனுப்பிய நம் முன்னோரிடம் அரசுப் பள்ளியும் இல்லை, இலவசப் புத்தகமும் இல்லை, பேருந்தும் இல்லை. இவை அனைத்தும் நம்மிடம் உள்ளன.

வரும் மே மாதத்தில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்கும்போது, ஜமாஅத்தின் பட்டியலில் அவர் பிள்ளையின் பெயருக்கு நேரே விடை முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.